14 மாட்டுச் சாணத்தை என்ன செய்வது? பயோகேஸில் கரண்ட் எடுத்தால் கட்டுப்படியாகுமா?

தொழுவத்தான்

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கொட்டகையில் மொத்தம் 14 உருப்படி. கலப்பினக் கறவை ஒன்பது, எருமை இரண்டு, கன்று மூன்று. இதுபோக இருபது ஆடுகள். சாணத்தையும் மாடு தின்னாமல் விட்ட கூளத்தையும் சேர்த்துக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் தள்ளிவிடுவோம், அப்பா காலத்திலிருந்து அதுதான் பழக்கம், வருடத்துக்கு ஒருமுறை டிராக்டரில் அள்ளி நிலத்தில் இறைத்துவிட்டால் வேலை முடிந்தது. அப்போது மாடு நான்கு. இப்போது 14 ஆன பிறகும் பள்ளம் அதே பள்ளம்தான்.

போன மழையில் பள்ளம் நிரம்பி வழிந்து கறுப்புத் தண்ணீர் கிணற்றுப் பக்கம் போய்விட்டது. இப்போது அந்தக் கிணற்றுத் தண்ணீரை மாட்டுக்குக் காட்டவே மனசு வரவில்லை. ஈத்தொல்லை தனிக்கதை. பக்கத்து நிலத்துக்காரர் கொஞ்ச நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார், அப்புறம் நேராகவே வந்து சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பும் இல்லை.

மண்வெட்டியை விட்டுக் கிளறினால் பள்ளத்தில் குபுகுபுவென்று குமிழி வருகிறது. அதைப் பார்த்துத்தான் இந்த யோசனையே வந்தது. என் கணக்குப்படி ஒரு நாளைக்கு 300 கிலோ சாணம் விழும். இதை ஒரு கலனில் போட்டு கேஸ் எடுத்து, ஒரு ஜெனரேட்டரை ஓட்டினால் பால் கறக்கும் மெஷின், தண்ணீர் மோட்டார், கொட்டகை லைட் எல்லாம் ஓடுமா? கலன் போட்டுவிட்டால் நாற்றமும் ஈயும் போய்விடுமா? வைக்கோல், சோளத்தட்டை, ஆட்டுப்புழுக்கை எல்லாவற்றையும் அதிலேயே போடலாமா? டிரம் மிதக்கிற மாதிரி ஒன்று, மண்ணுக்குள் கும்மட்டமாகக் கட்டுவது ஒன்று, பலூன் மாதிரி ஒன்று என்று மூன்று வகை சொல்கிறார்கள். எது நல்லது?

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். விற்க வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

டிரம்மூடி

11 வருடமாக மிதக்கும் டிரம் கலன் வைத்திருக்கிறேன். அதில் முதல் நான்கு வருடம் ஒழுங்காக ஓடவில்லை, அதற்கு முழுக்காரணம் நான்தான். அதனால் நான் செய்த தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதல் தப்பு மண். எங்கள் கொட்டகை அப்போது மண்தரை. சாணத்தை மண்வெட்டியால் வழித்தால் கூடவே மண்ணும் மணலும் வரும், நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. சாணம் கரையும், மணல் கரையுமா? அடியில் போய்ப் படியும். நான்காவது வருடம் கேஸ் பாதியாகக் குறைந்தது. பம்பு வைத்து இறைத்துப் பார்த்தால் கலனின் அடியில் கை நீளத்துக்குச் சேறு இறுகிக் கிடந்தது, சிமெண்டு மாதிரி. கலன் சுருங்கிவிட்டது என்றால், போடுகிற சாணம் உள்ளே தங்கவேண்டிய நாட்கள் தங்காமல் வெளியே வந்துவிடுகிறது என்று அர்த்தம். இப்போது தரைக்குத் தளம் போட்டாயிற்று. கரைக்கிற தொட்டியில் சாணத்தைத் தண்ணீர் விட்டுக் கலக்கி ஐந்து நிமிடம் அப்படியே விட்டால் மணல் அடியில் நின்றுவிடும், மேலே இருப்பதை மட்டும் திறந்துவிடுங்கள். கரைக்கும் தொட்டியின் தரையை வெளிவாய்க்கு எதிர்ப்பக்கம் சரிவாக வைத்தால் இது தானாகவே நடக்கும்.

இரண்டாவது தப்பு இன்னும் மோசம். கொட்டகையைப் பளபளவென்று வைக்கவேண்டும் என்று கிருமிநாசினி ஊற்றிக் கழுவி, அந்தத் தண்ணீரையும் சாணம் கரைக்க எடுத்துக்கொண்டேன், தண்ணீர் மிச்சமாகுமே என்று. ஒரு வாரத்தில் டிரம் இறங்கி உட்கார்ந்துவிட்டது. கேஸை உண்டாக்குவது கலனுக்குள் இருக்கும் நுண்ணுயிர்தானே, கிருமியைக் கொல்லும் மருந்து நல்லது கெட்டது பார்த்தா கொல்லும்? மறுபடி பழையபடி வர மூன்று வாரம் ஆனது. மாட்டுக்கு ஆன்டிபயாட்டிக் ஊசி போடும் நாட்களிலும் அந்த மாட்டின் சாணத்தைத் தனியாக ஒதுக்கிவிடுகிறேன்.

இனி உங்கள் கேள்வி. கலனுக்குள் போவது காற்றில்லாமல் நொதிப்பதால் கொட்டகை நாற்றமும் ஈயும் நன்றாகவே குறையும், வெளியே வரும் கரைசலில் பச்சைச் சாண வாடை அவ்வளவாக இருக்காது, ஈயும் அதிகம் மொய்க்காது. ஆனால் தினமும் போடவேண்டும். நான்கு நாள் சேர்த்து வைத்து ஒரே நாளில் கொட்டினால் உள்ளே புளித்துவிடும். ஒரு வகை நுண்ணுயிர் சாணத்தை அமிலமாக்குகிறது, இன்னொரு வகை அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் ஆக்குகிறது, எரிகிற வாயு அதுதான். முதல் கூட்டம் வேகம், இரண்டாவது கூட்டம் மந்தம். அளவுக்கு மீறிக் கொட்டினால் அமிலம் தேங்கிப்போய் மந்தமானது செத்துப்போகும். கேஸ் வரும், ஆனால் எரியாது. அப்படி ஆனால் போடுவதை ஒரு வாரம் நிறுத்துங்கள், பக்கத்தில் ஓடுகிற கலனிலிருந்து நாலு குடம் கரைசல் கொண்டுவந்து ஊற்றுங்கள், மெதுவாகத் திரும்பும்.

வகை பற்றி: மிதக்கும் டிரம்மில் கேஸ் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம், டிரம் உயர்ந்திருந்தால் இருக்கிறது, இறங்கியிருந்தால் இல்லை. எடை மேலே இருப்பதால் அழுத்தம் ஒரே சீராக இருக்கும். தொல்லை என்னவென்றால் துரு. வருடம் ஒருமுறை சுரண்டிப் பெயிண்ட் அடிக்காவிட்டால் சல்லடை ஆகிவிடும். கும்மட்டத்தில் இரும்பே இல்லை, பல வருடம் நிற்கும், மண்ணுக்குள் இருப்பதால் குளிரிலும் சூடு தாங்கும், ஆனால் பூசுகிறவர் கைதான் எல்லாம். மயிரிழை விரிசல் போதும், கேஸ் போய்க்கொண்டே இருக்கும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. பலூன் சீக்கிரம் போடலாம், வெயிலும் எலியும் அதற்கு எமன்.

மண்புழு

நான் வேறு மாதிரி சொல்கிறேன், கோபிக்காதீர்கள். உங்களுக்குப் பிரச்சினை கேஸ் இல்லை என்பது இல்லை. பள்ளத்தில் தண்ணீர் சேர்வதுதான் பிரச்சினை. முதலில் கொட்டகைக் கூரைத் தண்ணீர் பள்ளத்தில் விழாமல் திருப்பிவிடுங்கள், ஒரு பீலியும் குழாயும் போதும். மழைத்தண்ணீர் போகாமல் இருந்தாலே வழிவது பெரும்பாலும் நின்றுவிடும். அப்புறம் பள்ளத்தையே மூடிவிட்டு, மேட்டில் தளம் போட்டு, சாணமும் வைக்கோல் கூளமும் மாற்றி மாற்றி அடுக்கிக் குவியல் போடுங்கள். பிழிந்தால் இரண்டு சொட்டு விழுகிற ஈரம் இருக்கவேண்டும், ஒழுகக்கூடாது. மூன்றாம் நாள் கையை உள்ளே விட முடியாது, அவ்வளவு சூடு, 55 முதல் 65 டிகிரி வரை போகும். அந்தச் சூட்டில் களை விதை, புழு முட்டை, நோய்க்கிருமி பெரும்பாலும் ஒழியும். சூடு இறங்கினால் புரட்டிப் போடுங்கள். மூன்று நான்கு மாதத்தில் மண்வாசம் வீசும் எரு கிடைக்கும். வால்வு இல்லை, பைப்பு இல்லை, வெடிக்கிறதும் இல்லை.

கலன் வைத்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் இன்று அது தண்ணீர்த்தொட்டியாக நிற்கிறது. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

கணக்குப்பிள்ளை

மண்புழு சொல்வதில் முக்கால்வாசி சரி. கூரைத் தண்ணீரைத் திருப்புவது கலன் போட்டாலும் போடாவிட்டாலும் நாளைக்கே செய்யவேண்டிய வேலை. ஆனால் குவியலில் நைட்ரஜனில் கணிசமான பங்கு அம்மோனியாவாகக் காற்றில் போகிறது. புரட்டும்போது மூக்கில் ஏறுகிறதே, அது உங்கள் உரம்தான் பறந்து போகிறது. உள்ளே காற்று போகாமல் விட்டால் மீத்தேனும் போகும், 100 வருடக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்கும் வாயு அது. தொழுவத்தான் பள்ளத்தில் குமிழி குமிழியாக வருவதும் அதுதான். 1776ல் இத்தாலியில் வோல்டா, பேட்டரி கண்டுபிடித்த அதே ஆள், மஜ்ஜோரே ஏரிக்கரைச் சேற்றை ஒரு கோலால் கிளறி இந்தக் குமிழியைத்தான் பிடித்து எரித்துப் பார்த்தார். மண்வெட்டியில் கிளறிய உங்களுக்கும் அவருக்கும் ஒரே கேள்வி.

சரி, கணக்குக்கு வருவோம். தொழுவத்தான், அந்த 300 கிலோவை யார் எடை போட்டது? அதுதான் என் முதல் கேள்வி. கலன் விற்கிறவர்கள் ஒரு மாட்டுக்கு இத்தனை என்று பெருக்கிச் சொல்லிவிடுவார்கள். உங்கள் மாடுகள் பகலில் மேய்ச்சலுக்குப் போனால் அந்தச் சாணம் காட்டில் கிடக்கும், கலனுக்கு வராது. ஒரு வாளியும் தராசும் எடுத்துக்கொண்டு மூன்று நாள் அளந்துவிட்டு வாருங்கள். ஒரு கிலோ பச்சைச் சாணத்துக்குச் சுமார் 40 லிட்டர் கேஸ், அதாவது 25 கிலோவுக்கு 1 கன மீட்டர். அதுவும் கரைசல் 30 டிகிரிக்கு மேலே இருந்தால். 15 டிகிரிக்குக் கீழே போனால் நுண்ணுயிர் தூங்கிவிடும், குளிர்காலக் காலையில் கலன் உங்களை ஏமாற்றும்.

கரண்ட் விஷயம். 1 கன மீட்டர் பயோகேஸில் ஏறக்குறைய 6 யூனிட் அளவுக்குச் சக்தி இருக்கிறது. சின்ன எஞ்சின் ஜெனரேட்டரில் போட்டால் கைக்கு வருவது ஒன்றரை யூனிட், நல்ல எஞ்சினாக இருந்தால் இரண்டு. மீதி எல்லாம் சைலன்சரிலும் ரேடியேட்டரிலும் வெறும் சூடாகப் போய்விடும். அதே கேஸை அடுப்பில் எரித்தால் பாதிக்கு மேல் பாத்திரத்துக்குப் போகும். அதனால்தான் சின்ன அளவில் சூடு வேண்டிய வேலைக்கே கேஸைச் செலவழியுங்கள் என்று சொல்கிறேன்: சமையல், பால் பாத்திரங்கள் கழுவ வெந்நீர். இதில் மிஞ்சினால் அப்புறம் எஞ்சினைப் பற்றி யோசிக்கலாம். எஞ்சின் வைப்பவர்கள் கேஸைச் சுத்தம் செய்யாமல் விட்டால் அதில் கலந்திருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்கிற வாயு ஆயிலைக் கெடுத்து பேரிங்கைத் தின்றுவிடும், எஞ்சின் ரிப்பேர் என்று வருவதில் பெரும்பாலும் இதுதான் கதை.

சிலிண்டரில் அடைக்கலாமா என்று அடுத்த கேள்வி வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முடியாது. சமையல் சிலிண்டரில் இருப்பது அழுத்தினால் திரவமாகிற வாயு. மீத்தேன் மைனஸ் 82 டிகிரிக்கு மேலே எவ்வளவு அழுத்தினாலும் திரவம் ஆகாது. கரியமில வாயுவைப் பிரித்து, 200 மடங்கு காற்றழுத்தத்துக்கு அமுக்கித் தனி வகை சிலிண்டரில் அடைப்பது பெரிய ஆலைக்காரர்கள் வேலை. கொட்டகையில் கம்ப்ரஸரை வைத்து யாராவது முயற்சி செய்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கோழிக்காரி

அண்ணா, ஆட்டுப்புழுக்கை பற்றி யாரும் சொல்லவில்லையே. அப்படியே போட்டால் காய்ந்த உருண்டையாக மிதக்கும், ஒன்றும் ஆகாது. இரண்டு நாள் ஊறவைத்து மிதித்து நசுக்கிப் போட்டால் நல்ல கேஸ் தரும்.

கோழி எச்சத்தில் எனக்கு அனுபவம் உண்டு. கிலோவுக்குக் கிலோ மாட்டுச் சாணத்தைவிடக் கேஸ் கூடுதல்தான், அந்த ஆசையில்தான் நான் அதை மட்டுமே போட ஆரம்பித்தேன். நைட்ரஜன் அதிகம், கார்பன் குறைவு, உள்ளே அம்மோனியா ஏறி இரண்டு மாதத்தில் கலன் மலடாகிவிட்டது. கார்பன் 20 முதல் 30 பங்குக்கு நைட்ரஜன் ஒரு பங்கு என்ற அளவில் இருந்தால்தான் நுண்ணுயிருக்கு ஒத்துக்கொள்ளும், மாட்டுச்சாணம் இயல்பாகவே அதை ஒட்டி இருக்கிறது, கோழி எச்சம் 10க்குப் பக்கத்தில். இப்போது நாலு கூடை சாணத்துக்கு ஒரு கூடை எச்சம், தண்ணீர் கொஞ்சம் தாராளமாக. தீனியில் போடுகிற கிளிஞ்சல் துண்டெல்லாம் அடியில் படியும், அதற்கும் மணல் வைத்தியம்தான்.

வைக்கோலை நீளமாகப் போடாதீர்கள், தயவுசெய்து. மேலே ஏடு கட்டி, பாய் மாதிரி ஆகிவிடும், அந்தப் பாயைக் கிழித்துக்கொண்டு கேஸ் மேலே வராது. விரல் நகம் அளவுக்கு வெட்டி ஊறவைத்துப் போட்டால் கொஞ்சம் தாங்கும். உமி, சோளத்தட்டையின் அடித்தண்டு, சுள்ளி, கொட்டாங்கச்சி எதுவும் இந்தக் கலனுக்கு உதவாது. மரத்தன்மை உள்ளதை இந்த நுண்ணுயிர் தொடாது. அது எரிக்கிற சரக்கு.

கணக்குப்பிள்ளை

கோழிக்காரி சொன்னதோடு ஒரு வரி சேர்க்கிறேன். ஈரமானது கலனுக்கு, காய்ந்தது அடுப்புக்கு. 20 சதவீதத்துக்கும் குறைவான ஈரம் உள்ள தட்டை, சுள்ளி, கொட்டாங்கச்சியைக் கேஸிஃபையரில் காற்றைக் குறைத்து எரித்து வாயு எடுக்கலாம், ஆனால் அந்த வாயுவில் ஐந்தில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு, வாசனையே கிடையாது, ஆளைக் கொல்லும். மூடிய அறையில் வைக்கவே கூடாது. உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல் வேறு, அடைத்துக்கொள்ளும். உங்கள் அளவுக்கு இது தேவையில்லை, தட்டையை நறுக்கி மாட்டுக்குப் போடுங்கள், மிச்சத்தைப் படுக்கையாக விரியுங்கள்.

பழைய மெக்கானிக்

எல்லாரும் நன்றாகச் சொன்னீர்கள், ஆனால் ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை, அது இல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க விடமாட்டேன்.

20 வருடத்துக்கு முன் ஒரு பண்ணையில் பம்பு மாட்டப் போயிருந்தேன். மூடிய சாணத்தொட்டி, கிட்டத்தட்ட காலி, அடியில் முழங்கால் அளவு குழம்பு. பம்பு அடைத்துக்கொண்டது என்று ஒரு பையன் ஏணி வைத்து இறங்கினான். இறங்கி இரண்டு நிமிடம் இருக்கும், கம்பியால் கிளறுகிற சத்தம் கேட்டது, அப்புறம் சத்தமே இல்லை. எட்டிப்பார்த்த அவன் சித்தப்பா ஐயோ என்று கத்திக்கொண்டே இறங்கினார். அவரும் எழவில்லை. மூன்றாவதாக இறங்கப் போனவரை நானும் இன்னொருவரும் இடுப்பைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தோம், அவர் எங்களை அடித்தார், கடித்தார், விடவில்லை. அன்று இரண்டோடு நின்றது.

ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு 10 லட்சத்தில் 100 பங்கைத் தாண்டினால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது, ‘வாடை போய்விட்டது, இறங்கலாம்’ என்று தோன்றும். 500, 1000 என்று போனால் ஒரு சில மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தங்கும். குழம்பைக் கிளறும்போதுதான் அடைபட்டிருந்தது மொத்தமாகக் கிளம்பும். அதனால் கலனோ, மூடிய குழியோ, காலியாக இருந்தாலும் ஆள் இறங்கக்கூடாது. மேலிருந்தே பம்பு வையுங்கள், நீளக்கம்பி வையுங்கள். இறங்கியே ஆகவேண்டும் என்றால் வாயு அளக்கும் மீட்டர், ஊதுவிசிறி, இடுப்பில் கயிறு, மேலே இழுக்கத் தெம்புள்ள இரண்டு பேர் வைத்துச் செய்கிறவர்களைக் கூப்பிடுங்கள். விழுந்தவரைத் தூக்க வெறுங்கையோடு இறங்குவது இன்னொரு பிணம்.

அப்புறம் சின்ன விஷயங்கள். முதல் முறை வருகிற கேஸ் எரியாது, கரியமில வாயுவும் உள்ளே இருந்த காற்றும்தான் வரும், இரண்டு தடவை நிரப்பித் திறந்தவெளியில் விட்டுவிடுங்கள், பக்கத்தில் பீடிகூட இருக்கக்கூடாது. காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் கலந்தால் வெடிக்கும். கேஸ் கசிகிறதா என்று நெருப்புக்குச்சியை நீட்டிப் பார்க்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், சோப்பு நுரை போதும். துருப்பிடித்த இரும்புச் சுருளை ஒரு குழாயில் அடைத்து அதன் வழியாகக் கேஸை விட்டால் சல்ஃபைடு பெரும்பாலும் பிடிபடும்.

அடுப்பில் சுடர் பக்... பக்... என்று துடித்தால் அடுப்பைப் பிரிக்காதீர்கள். பைப்பில் தண்ணீர் நிற்கிறது. ஈரமான கேஸ் குளிர்ந்தால் தண்ணீர் விடும். ஒரு வீட்டில் இதற்காக அடுப்பையே மூன்று முறை மாற்றியிருந்தார்கள், நான் போய் பைப்பின் தாழ்ந்த இடத்தைக் கழற்றிக் கவிழ்த்தேன், அரை சொம்புத் தண்ணீர் கொட்டியது, அவ்வளவுதான். பைப்பைக் கலன் பக்கமாகச் சரித்து, தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகால் வால்வு வையுங்கள். சிலிண்டர் அடுப்பை அப்படியே மாட்டினால் வேலை செய்யாது, ஜெட் துளை பெரிதாக வேண்டும்.

தொழுவத்தான்

பழைய மெக்கானிக் ஐயா, படித்துவிட்டு எழுந்து போய்ப் பள்ளத்தைச் சுற்றி வேலி கட்டிவிட்டுத்தான் வந்தேன். என் பையனுக்கு 16 வயது, போன மாதம்தான் அதில் விழுந்த வாளியை எடுக்க ஓரமாக இறங்கினான். திறந்த பள்ளம்தான், இருந்தாலும் நினைத்தால் குலை நடுங்குகிறது.

கணக்குப்பிள்ளை சொன்னபடி மூன்று நாள் அளந்தேன். முதல் நாள் 184, அடுத்த நாள் 197, மூன்றாவது நாள் 189. சராசரி 190 கிலோ. நான் 300 என்று சொல்லியிருந்தேன், வெட்கமாக இருக்கிறது. மாடுகள் பகல் முழுக்க மேய்ச்சல், அதை மறந்துவிட்டேன். வீட்டில் ஐந்து பேர். இதில் என்ன தேறும்?

கணக்குப்பிள்ளை

வெட்கம் எதற்கு, பெரும்பாலானவர்கள் அளக்காமலே கட்டிவிடுகிறார்கள்.

190 கிலோவுக்கு 7.6 கன மீட்டர் கேஸ், நல்ல வெயில் நாளில். ஐந்து பேர் சமையலுக்கு ஒன்றரை முதல் இரண்டு போதும். மீதி 5.6ல் எஞ்சின் ஓட்டினால் எட்டு ஒன்பது யூனிட், அதாவது 3 கிலோவாட் ஜெனரேட்டர் மூன்று மணி நேரம் கூட ஓடாது. கறவை மெஷின் காலை மாலை ஓடிவிடும், தண்ணீர் மோட்டாரையும் சேர்த்தால் இழுக்கும். அந்த மூன்று மணி நேரத்துக்காக எஞ்சின், ஃபில்டர், ஆயில், ரிப்பேர் எல்லாம் கட்டி அழவேண்டுமா என்று யோசியுங்கள். நான் என்றால் முதல் வருடம் எஞ்சின் வாங்கமாட்டேன்.

கலன் அளவு: சாணமும் தண்ணீரும் சமம், நாளைக்கு 380 லிட்டர். வெயில் பகுதியில் 40 நாள் உள்ளே தங்கவேண்டும், 15 கன மீட்டர். குளிர் அதிகம் என்றால் 55 நாள், 21 கன மீட்டர்.

இப்போது நான் முக்கியம் என்று நினைக்கும் கணக்கு. தினமும் உள்ளே போவது 380 கிலோ. அதில் கேஸாக வெளியே போவது எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 9 கிலோ. மீதி 371 கிலோ கரைசலாக மறுபக்கம் வந்து நிற்கும், தினமும், மழையிலும், திருவிழா நாளிலும். கலன் சாணத்தை மறைய வைக்காது, தண்ணீர் சேர்த்து இரட்டிப்பாக்கித் திருப்பித் தரும். கலன் வைத்துத் தண்ணீர்த்தொட்டி ஆக்கியவர்கள் என்று மண்புழு சொன்னாரே, பலருக்கும் இந்த 371 கிலோதான் தோற்கடித்திருக்கும், கேஸ் இல்லை.

சாணத்தில் இருந்த நைட்ரஜனும் கிட்டத்தட்ட முழுசாக அந்தக் கரைசலில் இருக்கிறது. கிலோவுக்கு 4 கிராம் என்று வைத்தால் வருடத்துக்கு 275 கிலோவைத் தாண்டும், மூத்திரம் சேர்ந்தால் இன்னும் கூடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1991 நைட்ரேட் சட்டம், நைட்ரேட்டால் நீர் கெடும் அபாயம் உள்ள பகுதிகளில் எருவிலிருந்து ஹெக்டேருக்கு வருடத்துக்கு 170 கிலோ நைட்ரஜனுக்கு மேல் போடக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. அந்த அளவுகோலில் உங்களுக்குக் குறைந்தது நாலு ஏக்கர் வேண்டும். எவ்வளவு நிலம் இருக்கிறது?

தொழுவத்தான்

ஐந்தரை ஏக்கர். அதில் நாலு ஏக்கர் கொட்டகைக்குக் கீழ்ப்பக்கம், சரிவில்.

டிரம்மூடி

அப்போது உங்களுக்கு அதிர்ஷ்டம். கலனின் வெளிவாயை நிலத்தைவிட உயரத்தில் வைத்தால் பம்பே வேண்டாம், பாசன வாய்க்காலில் தண்ணீரோடு கலந்துவிடுங்கள், தானே ஓடும். நான் பள்ளமான இடத்தில் கட்டிவிட்டு இன்றுவரை வாளியில் இறைக்கிறேன். கிணற்றுக்கு மேற்சரிவில் மட்டும் கட்டாதீர்கள், கொஞ்சம் தள்ளியே போகட்டும்.

கரைசலை வெயிலில் காயவைத்து மூட்டை கட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், காய்கிற ஈரத்தோடு நைட்ரஜனும் போய்விடும். பயிருக்குத் தண்ணீர் பாயாத நாட்களில் வழிகிற கரைசலை ஒரு தொட்டியில் பிடித்து, கூளத்தின் மேல் ஊற்றி மக்க வையுங்கள். மண்புழுவின் குவியலும் இதில் சேர்ந்துவிடும், அவருக்கும் சந்தோஷம்.

மண்புழு

சந்தோஷம்தான். கரைசல் ஊற்றிய கூளம் சீக்கிரம் மக்கும், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கூரைத் தண்ணீர்க் குழாயை முதலில் போடுங்கள். கலன் அடுத்த வருடம் கூடக் கட்டலாம், மழை அதுவரை காத்திருக்காது.

தொழுவத்தான்

பீலிக்கு இன்று அளவெடுத்தாயிற்று. பழைய பள்ளத்தில் இருப்பதைக் காய்ந்த பிறகு மேலே நின்றே மெஷினால் அள்ளி மூடிவிடலாம் என்று இருக்கிறேன். அடுத்த மாதம் தரைக்குத் தளம், அப்புறம் 15 கன மீட்டர் கலன், மிதக்கும் டிரம். எஞ்சின் இப்போதைக்கு இல்லை. டிரம்மூடி அண்ணா, உங்கள் கலனில் இருந்து நாலு குடம் கரைசல் முதல் நாள் போடக் கிடைக்குமா? நாலு குடம் போதுமா, கூட வேண்டுமா?

டிரம்மூடி

15 கன மீட்டருக்கு நாலு குடம் யானைப் பசிக்குச் சோளப்பொரி. பத்தில் ஒரு பங்காவது இருந்தால்தான் சீக்கிரம் பிடிக்கும், ஒரு சின்ன டேங்கர் கொண்டுவாருங்கள். கரைசலை முந்தின நாள் எடுத்து வெயிலில் வைக்காதீர்கள், எடுத்த அன்றே ஊற்றிவிட வேண்டும். வருகிற நாளை இரண்டு நாள் முன்னால் சொல்லுங்கள், அன்று கலனிலிருந்தே எடுத்துத் தருகிறேன்.